கட்டடம் எழுந்ததும் காலியாகும் பால்வாடி: டெல்லி ‘மொபைல் கிரெச்’ பற்றி யாருக்காவது தெரியுமா?

சாரம்கட்டி | ஞாயிறு, இரவு 9:40

சைட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவில் பழைய புடவையால் ஒரு தூளி. உள்ளே கைக்குழந்தை. ஏழு வயது அக்கா ஒருத்தி தூளியை ஆட்டிக்கொண்டே ஈ விரட்டுவாள். அம்மா மூன்றாவது மாடிக்குப் பாண்டுச் சட்டியில் கலவை ஏற்றிக்கொண்டிருப்பாள். பால் கொடுக்க இறங்கி வந்தால் மேஸ்திரி முகத்தைப் பார்க்க வேண்டும்.

2006-ல் நொய்டாவில் ஒரு அடுக்குமாடி வேலையில் இருந்தேன். ஸ்டோருக்குப் பின்னால் காரை பூசாத செங்கல் சுவர், மேலே தகரம் என்று மூன்று அறை போட்டிருந்தார்கள். முதல் அறையில் வரிசையாகத் தொட்டில். இரண்டாவதில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் பெரிய பிள்ளைகள் சிலேட்டோடு. சிமென்ட் மூட்டைச் சாக்கைக் கழுவி, தைத்து, அதில் பொம்மை செய்து தொங்கவிட்டிருந்தார்கள். வாசலில் சோப்பும் வாளியும். குழந்தையைத் தொடுவதற்கு முன் அம்மாக்களைக் கை கழுவச் சொல்வார்கள். யார் நடத்துகிறார்கள் என்று கேட்டேன், மொபைல் கிரெச் (நகரும் குழந்தைகள் காப்பகம்) என்றார்கள். பெயரைக் கேட்டு ஏதோ வேன் என்று நினைத்தேன். வேன் இல்லை. கட்டடம் முடிந்து ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போனால் பால்வாடியும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும்.

பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது: 1969-ல் ஆரம்பித்திருக்கிறார்கள். காந்தி நூற்றாண்டுக்காக ராஜ்காட் பக்கம் கண்காட்சி வளாகம் கட்டிக்கொண்டிருந்த நேரம். மீரா மகாதேவன் என்கிற பெண்மணி அங்கே புழுதியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு ஒரு கூடாரம் போட்டிருக்கிறார். அவ்வளவுதான் தொடக்கம். காந்தி பெயரில் மண்டபம் எழும்புகிறது, அதற்குக் கல் சுமப்பவளின் பிள்ளை கல் குவியலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதைப் பார்த்து ஒருவருக்காவது உறுத்தியிருக்கிறதே.

இப்போது சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு சைட்டில் இருக்கிறேன். ஒடிசா, வங்காளக் குடும்பங்கள். அதே தூளி, அதே அக்கா. இந்த வரலாறு தெரிந்தவர்கள் எழுதுங்கள். எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நம் சட்டம் எல்லாமே பெண்களை எண்ணுகிறது, குழந்தைகளை எண்ணுவதே இல்லை. ‘இத்தனை பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம்’ என்றுதான் எழுதியிருக்கிறது.

---

கரோல்பாக் மாமி | ஞாயிறு, இரவு 10:25

நல்ல இழை. டெல்லியில் நாற்பது வருஷம் இருந்தவள் என்பதால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

மீரா மகாதேவன் காந்தியக் குடும்பத்துப் பெண் என்று பலர் நினைக்கிறார்கள். பிறந்தது கராச்சியில், பெனே இஸ்ரேல் என்கிற மராத்தி பேசும் யூதக் குடும்பத்தில். மிரியம் ஜேக்கப் மென்ட்ரேகர் என்பது பிறப்புப் பெயர். இந்தியில் நாவல் எழுதியவர். கணவர் டி.கே. மகாதேவன் காந்திய வட்டாரத்து ஆசிரியர், எழுத்தாளர். காந்தி கண்காட்சி நடக்கிற இடத்துக்கு மீரா போய்வந்தது அந்தத் தொடர்பில்தான். பாவம், 1977-லேயே போய்விட்டார். எட்டு வருஷம்தான் நடத்தினார். அதற்குள் 1972-ல் பம்பாயிலும் ஆரம்பித்தாயிற்று. அவருக்குப் பிறகு சுமந்தவர்களில் தேவிகா சிங் முக்கியமானவர். ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தவர்.

நம்மவர் ஒருவரும் இதில் உண்டு, யாரும் சொல்வதே இல்லை. மீனா சுவாமிநாதன். எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி என்றுதான் பத்திரிகைகள் எழுதும். எழுத்தாளர் கிருத்திகாவின் மகள் என்றால் இங்கே சிலருக்காவது கண் விரியும். பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி மத்திய கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த ஆய்வுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1972-ல் அறிக்கை கொடுத்தார். சாப்பாடு ஒரு துறை, ஊசி ஒரு துறை, பாட்டும் விளையாட்டும் வேறொரு துறை என்று பிரிக்காதீர்கள், ஏழைக் குழந்தைக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கட்டும் என்ற எண்ணம் அந்த அறிக்கையில் இருந்தது. மூன்று வருஷம் கழித்து, 1975 அக்டோபர் 2-ல் ஐ.சி.டி.எஸ். என்கிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கியது. இன்று தெருவுக்குத் தெரு இருக்கிற அங்கன்வாடிக்கு வேர் தேடினால் மீனாவின் மேசைக்கும் போக வேண்டும். 2022-ல் காலமானார்.

---

எதிர்வாதி | ஞாயிறு, இரவு 11:02

எல்லாம் சரி. ஒரு கேள்வி. பில்டர் கோடிக்கணக்கில் ஃபிளாட் விற்கிறான். அவனுடைய கூலிக்காரியின் பிள்ளையை நன்கொடை வாங்கி ஒரு தொண்டு நிறுவனம் வளர்க்கிறது. இது யாருக்கு உதவி? என் கணக்கில் பில்டருக்குத்தான். அவன் செய்ய வேண்டிய செலவை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டு, அதற்கு வரலாறு வேறு எழுதுகிறோம்.

அங்கன்வாடி இருக்கும்போது தனியாக இது எதற்கு என்றும் புரியவில்லை.

---

மாலா தஞ்சை | திங்கள், காலை 6:15

எதிர்வாதி, இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். என் அம்மா அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அங்கன்வாடியில் நம் ஊரில் 2 வயது ஆனால்தான் பிள்ளையை விடலாம். ஆறு மாதக் குழந்தைக்குச் சத்துமாவு பாக்கெட் கிடைக்கும், தடுப்பூசி நாளுக்குக் கூப்பிடுவார்கள், எடை போடுவார்கள். ஆனால் அந்தக் குழந்தையைக் காலையில் விட்டுவிட்டு அம்மா சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போக முடியாது. தொட்டில் கிடையாது, ஆள் கிடையாது. ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். உதவியாளர் சமைப்பாரா, கைக்குழந்தைக்குத் துணி மாற்றுவாரா? அம்மாவுக்குப் பதிவேடுகள் எழுதவே கை ஒடியும். இது அவர்களுடைய குறை இல்லை, திட்டத்தின் அமைப்பே அப்படி.

இன்னொன்று. அங்கன்வாடி ஊரோடு இருப்பது. எட்டு மாதம் ஒரு சைட், அடுத்த எட்டு மாதம் வேறு சைட் என்று அலைகிற குடும்பத்தை எந்தக் கணக்கெடுப்பில் சேர்ப்பது? அம்மா எத்தனையோ தரம் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெயர் எழுதாமலே உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறார். மேலதிகாரி வந்தால் அந்தப் பிள்ளைகள் ‘பக்கத்து வீட்டுக்கு விருந்து வந்தவர்கள்’.

---

பிரிவு48 | திங்கள், காலை 8:50

> நம் சட்டம் எல்லாமே பெண்களை எண்ணுகிறது, குழந்தைகளை எண்ணுவதே இல்லை.

சாரம்கட்டி, முக்கால்வாசி சரி. முழுக்கச் சரியில்லை. தொழிலாளர் சட்டத்தில் வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வரும்வரை இருந்த கணக்கு இது. 1948 தொழிற்சாலைச் சட்டம், பிரிவு 48 (என் பெயருக்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும்). முதலில் 50 பெண்களுக்கு மேல் என்று இருந்தது. 1976 திருத்தத்தில் 30 ஆனது. 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் வழியில் வந்த விதிகளில் 20 பெண்கள். 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தில், கட்டடத் தொழிலுக்கென்றே வந்த சட்டத்தில், 50 பெண்களுக்கு மேல்! கட்டட வேலையில் ஒரே சைட்டில் ஒரே நேரத்தில் 50 சித்தாள் எங்கே இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள். அப்படி இருந்தாலும் நாலு சப்-கான்ட்ராக்டர் பெயரில் பிரித்து எழுதிவிடுவார்கள்.

குழந்தைகளை எண்ணிய சட்டமும் உண்டு. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் 50 பெண்கள் என்றுதான் வந்தது. 1981-ல் திருத்தி, 50 பெண்கள் இருந்தாலோ, பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் 20 பேர் இருந்தாலோ காப்பகம் வைக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அப்புறம் நமக்கெல்லாம் தெரிந்த நூறு நாள் வேலை. 2005 சட்டத்தில், வேலை நடக்கிற இடத்தில் ஆறு வயதுக்குக் கீழே ஐந்து குழந்தைகள் இருந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க உட்கார வைத்து அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஏரிக்கரையில் இது எத்தனை இடத்தில் நடந்தது என்பது வேறு கதை. ஆனால் எழுத்தில் வைத்தார்கள். ஐந்து குழந்தைகள், அவ்வளவுதான்.

2017-ல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தியபோது ‘50 ஊழியர்கள்’ என்று வைத்தார்கள். பெண்கள் என்று சொல்லவில்லை. இது பெரிய மாற்றம். பெண்களை எண்ணினால் முதலாளி என்ன செய்வான்? 30 பெண்களோடு நிறுத்திக்கொள்வான். ஆண், பெண் எல்லோரையும் எண்ணினால் அந்தத் தந்திரம் பலிக்காது. அதே சட்டத்தில் அம்மா ஒரு நாளைக்கு நாலு தரம் காப்பகத்துக்குப் போய்வரலாம் என்றும் இருந்தது.

---

சாரம்கட்டி | திங்கள், மதியம் 1:30

பிரிவு48, ஒப்புக்கொள்கிறேன், ‘எல்லாமே’ என்று நான் எழுதியது தப்பு. நூறு நாள் வேலை விஷயம் இத்தனை வருஷம் தெரியாமல் இருந்தது வெட்கம்.

50 சித்தாள் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ‘கிரெச்’ என்று போர்டு மாட்டிய அறை ஒன்று இருந்தது. இன்ஸ்பெக்ஷன் அன்று காலையில் வெல்டிங் ராடு பெட்டிகளை வெளியே தூக்கி வைத்துவிட்டு இரண்டு பிளாஸ்டிக் பந்தும் ஒரு பாயும் போடுவார்கள். மதியத்துக்கு மேல் பெட்டிகள் உள்ளே போய்விடும். அந்தப் பந்துகள் மூன்று சைட் பார்த்தவை. மொபைல் என்றால் அதுதான் மொபைல்.

மத்திய பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைகளை எடுத்துப் பாருங்கள். படுக்க ஓர் அறை, விளையாட ஓர் அறை, பொம்மை, கட்டில், ஆயா எல்லாம் அழகாக எழுதியிருக்கும். டெண்டர் எடுத்த யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பியதாக எனக்குத் தெரியவில்லை.

எதிர்வாதி, உங்கள் முதல் கேள்வி நியாயமானது. நான் படித்த வரையில் அவர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இடமும் தண்ணீரும் கரண்டும் பில்டர் தர வேண்டும், செலவிலும் பங்கு தர வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பிந்தைய வருஷங்களில் ‘நீங்களே நடத்துங்கள், நாங்கள் ஆட்களுக்குப் பயிற்சி தருகிறோம்’ என்று பில்டர்களிடம் பேச ஆரம்பித்தார்கள். சட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் அன்றைக்குத் தூளியில் இருந்த குழந்தைக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். என்னைக் கேட்டால் 69-ல் கூடாரம் போட்டது சரி. 2020-களிலும் கூடாரத்தையே நம்பியிருப்பதுதான் நம் எல்லோருக்கும் கேவலம்.

---

லயத்துப்பையன் | திங்கள், மாலை 4:10

இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். உங்களுக்கு இது புதுச் செய்தி, எங்களுக்குப் பழைய பழக்கம். எங்கள் தோட்டத்தில் அதற்குப் பெயர் பிள்ளைமடுவம். சிலர் பிள்ளைக்காம்பரா என்பார்கள். கொழுந்து நிறுக்கிற இடம் கொழுந்து மடுவம், பிள்ளையை விடுகிற இடம் பிள்ளைமடுவம். யோசித்துப் பார்த்தால் இரண்டும் தோட்டக் கணக்குக்கு ஒன்றுதான் போல.

விடியற்காலை பனியில் அம்மா என்னைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு (காலையில் ஆள் எடுக்கிற இடம்) ஓடுவார். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. கூரையில் கட்டிய துணித் தொட்டில்கள், வரிசையாக. சுவரெல்லாம் பால் புளித்த வாசனை. பகலில் கொழுந்து நிறுக்க வரும்போது அம்மா கூடையோடு ஓடி வந்து தங்கச்சிக்குப் பால் கொடுப்பார். சட்டையெல்லாம் கொழுந்துச் சாறு, கை கறுப்பு.

அதைப் பாசத்தால் வைத்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொழுந்து பறிக்கப் பெண்களின் கை வேண்டும், பிள்ளை முதுகில் இருந்தால் கை ஓடாது. அதனால் துரைமார் வைத்தார்கள். அங்கே வெகு காலத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான், படிப்பு என்ற பேச்சே இல்லை. பிந்திய காலத்தில்தான் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறி, பயிற்சி பெற்றவர்கள் வந்து, பாட்டு விளையாட்டு எல்லாம் வந்தது. உங்கள் டெல்லிக்காரர்கள் முதலிலிருந்தே சிலேட்டையும் சேர்த்தார்கள் என்றால் அதுதான் பெரிய விசயம்.

---

கிள்ளான் குமரன் | திங்கள், மாலை 6:00

மலேசிய ரப்பர் தோட்டத்தில் ஆயாக்கொட்டாய். அதே கதை, பால் மரம் மட்டும் வேறு. என் பாட்டி அங்கே ஆயாவாக இருந்தவர். தோட்டம் விற்று வீடமைப்புப் பகுதி ஆனபோது கொட்டாயும் போய்விட்டது.

---

தேன்மொழி | திங்கள், இரவு 11:48

இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருப்பேன், எழுதியதில்லை. சாரம்கட்டி முதல் பதிவில் எழுதிய அந்த அக்கா நான்தான். டெல்லி இல்லை, சென்னை. தொண்ணூறுகளில்.

அம்மா சித்தாள். அப்பா இருந்தும் இல்லை. தம்பி பிறந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அம்மா இருபதாவது நாளே வேலைக்குப் போய்விட்டார், தம்பியைப் பார்த்துக்கொள்ள நான். முதலில் திங்கள், புதன் மட்டும் லீவு போட்டேன். பிறகு வாரம் பூரா. ஒரு நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் நல்லவர்தான், திட்டவில்லை. ‘பிள்ளையை விட்டுட்டு வாம்மா’ என்றார். எங்கே விட்டுட்டு வருவது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

சைட்டில் எங்களுக்குப் பிடித்த இடம் மணல் குவியல். ஆற்று மணல், அதில் கிளிஞ்சல் கிடைக்கும். பொறுக்கித் தம்பி கையில் கொடுப்பேன், வாயில் போட்டுக்கொள்வான், பிடுங்குவேன். அதுதான் எங்கள் பால்வாடி. அவன் தூங்குவது சிமென்ட் மூட்டை மேல். எழுந்தால் கண் இமை வெள்ளையாக இருக்கும். பால் பாட்டிலில் டீ ஊற்றிக் கொடுத்தால் அழமாட்டான்.

நான் கேட்க வந்தது இதுதான்: அந்த டெல்லி பால்வாடியில் பெரிய பிள்ளைகளுக்கும் அறை இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பியைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு அக்கா படிக்கலாமா?

---

சாரம்கட்டி | செவ்வாய், காலை 5:50

தேன்மொழி, ஆமாம். அதற்காகவேதான் மூன்று அறை. நான் முதல் பதிவில் அதைச் சரியாக எழுதாமல் விட்டுவிட்டேன்.

அவர்கள் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆரம்பித்தார்கள். கூடவே அக்காமார்களும் வந்து நின்றார்கள், தம்பியை விட்டுவிட்டு எங்கே போவது என்று தெரியாமல். தம்பியை மட்டும் வாங்கிக்கொண்டு அக்காவைத் திருப்பி அனுப்ப முடியாது, அக்காவைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமானால் தம்பிக்கு இடம் வேண்டும். அதனால் கைக்குழந்தைக்குத் தொட்டில், மூன்று வயதுக்கு மேல் பால்வாடி, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எழுத்தும் கணக்கும், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, அம்மாவின் வேலை நேரம் முழுக்க, வாரத்தில் ஆறு நாள். பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிடவும் முயற்சி செய்வார்கள். நொய்டாவில் நான் பார்த்தபோது ஒரு பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே எழுந்து போய் முதல் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருவாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

---

எதிர்வாதி | செவ்வாய், காலை 9:20

தேன்மொழியின் பதிவுக்குப் பிறகு வாதம் செய்ய மனசில்லை. ஆனாலும் என் கருத்து மாறவில்லை. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தீர்வை வாங்குகிறார்கள், நலவாரியங்களில் பணம் செலவாகாமல் தேங்கிக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் 1994-லேயே கட்டுமானத் தொழிலாளர் வாரியம் வந்துவிட்டது. அந்தப் பணத்தில் தொட்டில் வாங்க முடியாதா?

---

பிரிவு48 | செவ்வாய், காலை 10:05

முடியும். கேட்க ஆள் வேண்டும். வாரியத்தில் உதவி என்றால் கல்யாணம், படிப்பு, இறப்பு, ஓய்வூதியம் என்று ஆளுக்கு ஆள் விண்ணப்பம் போட்டு வாங்குவதுதான் வழக்கம். தொட்டிலுக்கு யார் பெயரில் விண்ணப்பிப்பது? அதுவும் ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு இங்கே பதிவே இருக்காது.

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 11:30

தனியார் பிளே ஸ்கூல் கட்டணம் பற்றிய ஒன்பது பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன்.

---

கரோல்பாக் மாமி | செவ்வாய், மதியம் 3:15

தேன்மொழி, தம்பி இப்போது எப்படி இருக்கிறான்?

---

தேன்மொழி | செவ்வாய், இரவு 10:40

டைல்ஸ் வேலை, மாமி. நல்ல கை. நான் நாலாம் வகுப்பை இரண்டு தரம் படித்து, எப்படியோ பி.காம். வரை வந்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். மணல் லாரி போனால் அவன் இன்னமும் திரும்பிப் பார்ப்பான். இப்போது வருவது கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட், அதில் கிளிஞ்சல் இல்லை.

---

சாரம்கட்டி | சனி, இரவு 8:20

ஒரு தகவல். புதன்கிழமை என் சைட்டில் எண்ணிப் பார்த்தேன். பெண்கள் 14. ஆறு வயதுக்குக் கீழே குழந்தைகள் 11, அதற்கு மேலே பள்ளிக்குப் போகாதவர்கள் 4. அந்தப் பழைய 20 கணக்கில்கூட எனக்கு ஒரு கடமையும் இல்லை. நூறு நாள் வேலைக் கணக்கில் வைத்த ஐந்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

புராஜெக்ட் மேனேஜரிடம் இரண்டு அறை கேட்டேன், ஒன்று கொடுத்தார், பேஸ்மென்டில். கம்பி வளைக்கிற ஒருவரின் மனைவி, பெரம்பூரில் வீடு, பால்வாடியில் உதவியாளராக இருந்த அனுபவம் உண்டாம், வருகிறேன் என்றிருக்கிறார். சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அக்கவுன்ட்ஸில் இரண்டு நாளாகப் பேச்சு. இப்போதைக்கு ‘ஹவுஸ்கீப்பிங்’.

அறையில் ஜன்னல் இல்லை. திங்கட்கிழமை சுவரை உடைக்கச் சொல்லியிருக்கிறேன். தொட்டிலுக்குக் கொக்கி சீலிங்கில் டிரில் பண்ணியாயிற்று, எட்டு.